பந்து பிடிக்கும் நிலையில் கையை அளவெடுங்கள்

கடலூரிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: "என் மகளுக்கு 13 வயது. பள்ளி அணியில் விக்கெட் கீப்பர். ஆறு மாதங்களுக்கு முன் பந்து விரல் நுனியில் பட்டு, இடது மோதிர விரலின் நடுக்கணு பின்பக்கமாக விலகிவிட்டது. இப்போது ஆறிவிட்டது. ஆனால் வேகமான பந்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கடையில் கிடைக்கும் கையுறைகள் அவளுக்குத் தொளதொளவென்று இருக்கின்றன. அவள் கைக்கென்றே ஒரு காப்பு செய்ய முடியுமா? யாரிடம் என்ன சொல்லிச் செய்யவேண்டும்?"

முடியும், செய்யவும் வேண்டும். அடிபட்டவர்களின் கைக்கு மறுவாழ்வுச் சிகிச்சை தருவது என் தொழில். புதுச்சேரியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக விரல்களுக்கு ஸ்பிளின்ட், அதாவது மூட்டைத் தாங்கிப்பிடிக்கும் கெட்டிக் காப்பு, வார்த்துவருகிறேன். உங்கள் மகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று எழுதியதை நான் இரண்டு முறை படித்தேன். முகம் திரும்பினால் உள்ளங்கையும் திரும்பும். பந்து உள்ளங்கைக்கு வராமல் மறுபடி விரல் நுனிக்கே வரும். அவளுடைய பயமே அந்த விரலைப் பந்தின் வழியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. எனவே நாம் செய்யப்போகும் காப்பு அடியைத் தாங்கினால் மட்டும் போதாது, கையில் மாட்டியதும் அவளுக்கு நம்பிக்கையும் வரவேண்டும்.

கையில் 27 எலும்புகள் இருக்கின்றன. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. விரலுக்குள் தசை கிடையாது. அதை அசைக்கும் தசைகள் உள்ளங்கையிலும் முன்கையிலும் இருந்துகொண்டு நாண்களால் இழுக்கின்றன. விரலில் இருப்பவை எலும்பு, மூட்டு, நாண், நார், தோல், கொஞ்சம் கொழுப்பு. அடியை வாங்கிக்கொள்ளும் சதைப்பற்று அங்கே இல்லாததால்தான் சிறு அடியும் நேராக மூட்டுக்குப் போகிறது.

காப்பு வடிவமைக்க உட்காருபவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, விரல் எந்தத் திசையில் போனது என்பதுதான். ஒரே பந்து, ஒரே விரல் நுனி, ஆனால் விளைவுகள் வேறு. நுனிக்கணு திடீரென்று மடக்கப்பட்டால் அதை நிமிர்த்தும் நாண் அறுந்து நுனி தொங்கிவிடும். அந்த விரலை ஆறு முதல் எட்டு வாரங்கள் இடைவிடாமல் நேராகவே வைத்திருக்கவேண்டும். குளிக்கும்போது ஒருமுறை மடங்கினாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். உங்கள் மகளுக்கு நடந்தது இதற்கு நேர் எதிரானது. நடுக்கணு பின்னோக்கி வளைந்து, உள்ளங்கைப் பக்கம் மூட்டைத் தடுத்துப் பிடிக்கும் தடித்த நார்த்தகடு கிழிந்திருக்கிறது. அவளுடைய விரல் தாராளமாக மடங்கலாம், அளவுக்கு மேல் நிமிரத்தான் கூடாது. நுனி தொங்கும் விரலை நேராக்கும் காப்பை இவள் விரலில் மாட்டினால், காயத்துக்குத் தேவையானதற்கு நேர்மாறான வேலையை அது செய்யும். கடையில் 'விரல் காப்பு' என்ற ஒரே பெயரில் விற்கும் பொருளை வாங்கி மாட்டுவதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

அடுத்து, மெத்தை பற்றி. நிறையப் பேர் பஞ்சையும் நுரையையும் கூட்டிக்கொண்டே போகிறார்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். பெண்கள் கிரிக்கெட்டில் பந்தின் எடை 140 முதல் 151 கிராம். 140 கிராம் பந்து மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கையுறையை எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 28 ஜூல். கை அசையாமல் இருந்து, ஒரு சென்டிமீட்டர் மெத்தைக்குள்ளேயே பந்து நின்றால் சராசரி விசை 2,800 நியூட்டன். ஏறக்குறைய 285 கிலோ பாரத்தைக் கைமேல் வைப்பதற்குச் சமம். அதே பந்தோடு கை பத்து சென்டிமீட்டர் பின்வாங்கினால் விசை பத்தில் ஒன்றாகி 28 கிலோ பாரமாகக் குறைந்துவிடும். எவ்வளவு விலையுயர்ந்த நுரையாலும் முழங்கை மடங்குவதற்கு ஈடாக முடியாது. மெத்தையைத் தடிமனாக்கினால் பந்து கையில் பட்ட உணர்வு தாமதமாகத் தெரியும், விரல்கள் மூடுவதும் தாமதமாகும், பந்து நழுவும். எனவே மெத்தையிடம் இரண்டு வேலைகளைத்தான் நான் எதிர்பார்க்கிறேன். ஒரே புள்ளியில் விழும் அடியைப் பரப்பிவிடவேண்டும். தப்பாக வந்த பந்து எலும்பு முனையில் நேராக மோதாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். மீதியைப் பயிற்சியாளர் கற்றுத்தரவேண்டும்.

இப்போது அளவுக்கு வருவோம். நான் நிறையச் சொல்ல விரும்புவது இதைப்பற்றித்தான். காகிதத்தில் கையை விரித்து வைத்துப் பென்சிலால் சுற்றிவரைந்து அந்தத் தாளைத் தையற்காரரிடம் கொடுப்பதுதான் வழக்கம். அந்த அளவில் செய்த கையுறை, கையை மேசைமேல் விரித்து வைத்திருக்கும்வரைதான் பொருந்தும். உங்கள் விரலையே மெதுவாக மடக்கிப் பாருங்கள். மேல்பக்கத்துத் தோல் கணுக்களின்மேல் இழுபடுகிறது, சுருக்கங்கள் மறைகின்றன. உள்பக்கத்தில் தோல் மடிப்பு மடிப்பாகக் குவிகிறது. மடங்கிய விரலின் மேல்பக்கம் நீளம் கூடுகிறது, உள்பக்கம் குறைகிறது. விரித்த கைக்குத் தைத்த உறை, மடக்கும்போது மேலே இறுக்கி உள்ளே பிதுங்கும். அந்தப் பிதுக்கம் பந்துக்கும் கணுவுக்கும் நடுவில் ஒரு முடிச்சாக நிற்கும்.

ஆகவே அளவெடுக்கும்போது உங்கள் மகள் உண்மையில் பந்து பிடிக்கும் நிலையில் உட்காரட்டும். இரண்டு கைகளும் சேர்ந்து, சுண்டு விரல்கள் ஒன்றையொன்று தொட்டு, விரல்கள் தரையைப் பார்த்து, உள்ளங்கையில் அவள் ஆடும் அதே அளவு பந்து. அந்த நிலையில் மென்மையான நாடாவால் அளவெடுங்கள். உள்ளங்கைச் சுற்றளவு, ஒவ்வொரு விரலிலும் அடிக்கணுவிலிருந்து நுனிவரை மேல்பக்க நீளம், உள்பக்க நீளம், நடுக்கணுவின் சுற்றளவு. விலகி ஆறிய கணு பெரும்பாலும் தடித்தே நிற்கும். இடதும் வலதும் ஒரே அளவு என்று எண்ணி ஒரு கையை மட்டும் அளக்காதீர்கள். பயிற்சிக்கு முன் ஒரு முறை, ஒரு மணி நேரம் ஆடிய பின் ஒரு முறை அளந்து பாருங்கள். கடற்கரை ஊரின் வெயிலில் ஆடியபின் விரல்கள் உப்பியிருக்கும். எந்த அளவுக்குச் செய்வது என்று கேட்டால், உப்பிய அளவுக்குச் செய்து, மணிக்கட்டுப் பட்டையால் இறுக்கத்தைச் சரிசெய்துகொள்வதே நல்லது.

முடிந்தால் ஒரு படி மேலே போய் அந்த நிலையிலேயே ஒரு வார்ப்பு எடுத்துவிடுங்கள். கையில் வாசலின் தடவி, பந்தைப் பிடித்த நிலையில் மாவுக்கட்டுத் துணியை மேல்பக்கம் மட்டும் இரண்டு மூன்று அடுக்கு போர்த்தினால், சில நிமிடங்களில் இறுகி ஓடுபோலக் கழன்றுவரும். அதற்குள் மாவுக்கட்டுப் பொடியைக் கரைத்து ஊற்றினால் அவள் கையின் மேல்பக்கம் அப்படியே ஒரு பொம்மையாகக் கிடைக்கும். கரைத்த பொடி இறுகும்போது நன்றாகச் சூடேறும், தோலைச் சுட்டுவிடும். அதனால் ஓடு கையிலிருந்து கழன்ற பிறகுதான் ஊற்றவேண்டும். இந்தப் பொம்மை கையில் இருந்தால் உங்கள் மகளைப் பத்து முறை பட்டறைக்கு அலைக்கழிக்க வேண்டாம். புதுச்சேரியில் தோல் பைகளும் செருப்பும் தைக்கும் நல்ல கைவினைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மருத்துவச் சொற்கள் புரியவேண்டியதில்லை, கையில் பிடித்துப் பார்க்க ஒரு வடிவம் கொடுத்தால் போதும். நான் எழுதிக்கொடுத்த சீட்டைவிட நான் கொடுத்த வார்ப்பைத்தான் அவர்கள் எப்போதும் சரியாகப் படித்திருக்கிறார்கள்.

உங்கள் மகளுக்கு நான் பரிந்துரைப்பது புதிய கையுறை அல்ல. அவள் அளவுக்கு மிக நெருங்கிய சிறுவர் கையுறை ஒன்று, அதற்குள் அவளுக்கென்றே தைத்த ஓர் உள்ளுறை. வெளிக் கையுறையில் பார்க்கவேண்டியது விரல் நுனியில் இருக்கும் கெட்டியான தொப்பி. அவள் விரல் நுனிக்கும் அந்தத் தொப்பிக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கவேண்டும். விரல் அதில் முட்டிக்கொண்டு நின்றால் தொப்பியில் படும் அடி அப்படியே கணுவுக்குப் போகும். நிறைய இடம் இருந்தால் தொப்பி மடிந்து விரலைத் திருகும். தொளதொள கையுறையின் ஆபத்து இந்தத் திருகலில்தான் இருக்கிறது.

உள்ளுறையின் மேல்பக்கத்தில், மோதிர விரல் நெடுக ஒரு தடுப்புப் பட்டை வைக்கச் சொல்லுங்கள். கால்பந்து கோல்கீப்பர்களின் சில கையுறைகளில் இதே யோசனை உண்டு. வளையும் தோல் பட்டை ஒன்றின்மேல் சிறுசிறு கெட்டி பிளாஸ்டிக் துண்டுகளை நெருக்கமாக, எறும்புத்தின்னியின் செதில்போல வரிசையாகத் தைக்கவேண்டும். விரலை மடக்கும்போது துண்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி வழிவிடும். நிமிர்த்தும்போது ஒன்றோடொன்று முட்டி நிற்கும், அதற்குமேல் விரல் பின்னே போகாது. துண்டுகள் முட்டும் இடத்தை விரல் முழுக்க நேராவதற்குச் சற்று முன்பாகவே அமையுங்கள். லேசாக மடங்கிய விரல் பந்தை வாங்கும், விறைத்த விரல் பந்தோடு மோதும்.

பட்டை எங்கே முடிகிறது என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். தொழிலின் ஆரம்ப ஆண்டுகளில் ஒரு வாலிபால் ஆட்டக்காரருக்குக் கட்டைவிரல் காப்பு வார்த்துக்கொடுத்தேன். அடிபட்ட மூட்டைச் சுற்றி மிக உறுதியாகச் செய்து, இடைஞ்சலாக இருக்குமே என்று மேலே விரலின் பாதியில் வெட்டி நிறுத்தினேன். மூன்றாவது வாரம் அவர் தடுப்பாட்டத்தில் விழுந்தார். மூட்டு பத்திரமாக இருந்தது. காப்பின் விளிம்பு முடிந்த அதே கோட்டில் எலும்பு முறிந்திருந்தது. அந்த எக்ஸ்ரே படத்தை இன்றும் என் மாணவர்களுக்குக் காட்டுகிறேன். கெட்டியான பொருள் விசையை அழிப்பதில்லை, தான் முடியும் இடத்துக்குக் கடத்துகிறது. அதனால் உங்கள் மகளின் பட்டை விரல் நுனிவரை போகட்டும், அடியில் புறங்கையைத் தாண்டி மணிக்கட்டுப் பட்டையோடு சேரட்டும், இரு முனைகளிலும் போகப்போக மெலிந்து நெகிழட்டும்.

விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட் சட்டப்படி விக்கெட் கீப்பரின் கையுறையில் ஆட்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே மட்டும்தான் இணைப்புத் துணி இருக்கலாம். மற்ற விரல்களை வலைபோல இணைக்கக்கூடாது. மோதிர விரலையும் நடு விரலையும் சேர்த்துக் கட்டி ஒரே உறைக்குள் விடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்தச் சட்டத்தின் காரணமாகவே அதை நான் சொல்லவில்லை. அவள் கீப்பராக இல்லாமல் களத்தடுப்பில் நிற்கும் நாளில் இரண்டு விரல்களையும் சேர்த்துக் கட்டலாம். ஆனால் மற்ற தடுப்பாளர்கள் கையுறை போடக்கூடாது. விரல் காப்புக்கும் நடுவரின் ஒப்புதல் வேண்டும், ஆட்டம் தொடங்குமுன் போய்க் கேட்டுவிடுங்கள். கட்டும்போது விரல்களுக்கு நடுவே பஞ்சுத்துணி வைத்து, கணுவுக்கு மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று. கணுமேல் டேப் போகவே கூடாது. கட்டிய பிறகு நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்கவேண்டும். இல்லையென்றால் இறுக்கம் அதிகம்.

ஸ்பிளின்ட் தகடு பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் யாராவது உங்களிடம் அதை முன்வைப்பார்கள். அறுபது எழுபது டிகிரி வெந்நீரில் போட்டால் அப்பளம்போலத் துவளும் பிளாஸ்டிக் அது. சில வகைகள் கண்ணாடிபோலத் தெளிந்துவிடும். துண்டில் ஒற்றி, சூட்டை என் முன்கையில் வைத்துப் பார்த்து, பிறகு விரலில் வைத்து வடிவம் கொடுத்தால் சில நிமிடங்களில் இறுகிவிடும். விலையுயர்ந்த பொருள்தான், ஆனால் ஒரு விரலுக்குத் தீப்பெட்டி அளவு துண்டு போதும். நடுக்கணு பின்னே போகாமல் தடுக்க எட்டு வடிவ வளையம் ஒன்றை இதில் அழகாகச் செய்யலாம். வீட்டிலும் பள்ளியிலும் போட்டுக்கொள்ள மிக நல்லது. கையுறைக்குள் மட்டும் போடவேண்டாம். அதன் குறுக்குப்பட்டை கணுவின் உள்பக்கத்தில், பந்து மோதும் அதே இடத்தில் உட்காரும். மற்றொன்று, அக்னி நட்சத்திர வெயிலில் ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியிலோ மூடிய காரிலோ இதை வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது வடிவம் கெட்டிருக்கும். முப்பரிமாண அச்சில் அதிகம் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக்குக்கும் இதே பலவீனம் உண்டு. அதுவும் அறுபது டிகிரியை நெருங்கும்போது இளகத் தொடங்கும். மேலும் அது உடைந்தால் அடுக்கு அடுக்காகப் பிளந்து கூரான விளிம்பைக் காட்டும். அச்சு இயந்திரத்தை நான் குறைசொல்லவில்லை. அளவுப் பொம்மை செய்ய அது அருமையான கருவி. அடி வாங்கும் பாகத்தை மட்டும் அதில் செய்யாதீர்கள்.

மெத்தைக்கு வெளிநாட்டுப் பொருள் தேவையில்லை. செருப்பு தைப்பவரிடம் இருக்கும் ஈ.வி.ஏ. என்ற நுரைத் தகடு தண்ணீர் குடிக்காது, வியர்வையில் ஊறாது, வெட்டவும் எளிது. கடினம் வேறுபட்ட இரண்டு தகடுகளை, மென்மையானது தோலின் பக்கமாகவும் கெட்டியானது வெளியேயும் ஒட்டுங்கள். வலிக்கும் கணுவுக்கு நேர்மேலே மெத்தை வைக்காமல், அந்த இடத்தில் துளையிட்டு, வடைபோலச் சுற்றிவர வைத்தால் அடி பக்கத்து எலும்புகளுக்குப் பரவும். எது நல்லது என்று வீட்டிலேயே சோதிக்கலாம். வில்லியனூர்ப் பக்கம் மண்பாண்டம் செய்பவர்களிடம் பதமான களிமண் ஒரு கட்டி வாங்குங்கள். அதன்மேல் தகட்டை வைத்து, இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து பந்தைப் போடுங்கள். களிமண்ணில் விழும் குழி ஆழமில்லாமல் அகலமாக இருக்கும் தகடே சிறந்தது. இந்த வீழ்ச்சியின் ஆற்றல் மேலே சொன்ன பந்தின் பத்தில் ஒரு பங்குதான். எனவே இது தகடுகளைத் தங்களுக்குள் ஒப்பிடத்தான் உதவும், பாதுகாப்புக்கு உத்தரவாதம் அல்ல.

கேள்வியின் முடிவில், உங்கள் மகனும் கபடி ஆடுகிறான், சிலம்பமும் கற்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். கபடியில் உடலோடு உடல் மோதும், அங்கே கெட்டியான எதுவும் எதிராளிக்குக் காயம் செய்யும். டேப் மட்டும்தான், நகமும் ஒட்ட வெட்டியிருக்கவேண்டும். எதிராளியின் பனியனைப் பற்றி இழுக்கும்போது மோதிர விரலின் நுனியை மடக்கும் நாண் எலும்பிலிருந்து பிய்ந்துவரலாம். வீக்கம் பெரிதாக இருக்காது, ஆனால் நுனியைத் தனியாக மடக்க முடியாது. அப்படியானால் நாள் கடத்தாமல் அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் போங்கள். வாரங்கள் கடந்தால் நாண் உள்ளங்கைக்குள் சுருங்கிப்போய், பழைய இடத்தில் தைப்பது கடினமாகிவிடும். சிலம்பத்தில் ஆபத்து விரல் முட்டிகளுக்கு. கம்பின் முனை சுழன்று வந்து விழும் இடம் அது. அங்கே முட்டியைத் தொடாமல் பாலம்போல நிற்கும் கெட்டி ஓடு தேவை, அதன் இரு கால்களும் மெத்தைமேல் நிற்கவேண்டும். பிடி நழுவக்கூடாது என்பதால் உள்ளங்கைப் பக்கம் முழுவதும் திறந்தே இருக்கட்டும்.

எல்லாக் கை ஆபத்துக்கும் காப்பு செய்யவேண்டும் என்பதில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து ஆடும் பெதாங்க் என்ற குண்டெறியும் ஆட்டத்தின் பந்து 650 முதல் 800 கிராம் எடையுள்ள இரும்புக் குண்டு. இரண்டு குண்டுகளுக்கு நடுவே விரல் நசுங்கினால் எந்தக் கையுறையும் காப்பாற்றாது. ஒருவர் எறியும்போது மற்றவர் கைநீட்டி எடுக்கக்கூடாது என்ற ஒழுங்கு காப்பாற்றும்.

உங்கள் மகளின் வயதை மறக்காதீர்கள். 13 வயதில் எலும்பின் வளர்ச்சித் தகடு இன்னும் மூடியிருக்காது. மூட்டு நாரைவிட அந்தத் தகடுதான் முதலில் விட்டுக்கொடுக்கும். பெரியவர்களுக்குச் சுளுக்காக முடியும் அடி அவளுக்கு எலும்பு முறிவாக இருக்கலாம். வீங்கிய விரலை மைதானத்திலேயே யாரும் இழுத்துவிடவேண்டாம், எண்ணெய் போட்டு நீவவும் வேண்டாம், முதலில் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். விரல் நுனி தொங்கி நகத்தின் அடியில் ரத்தம் கசிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். கையூன்றி விழுந்து, கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டுக் குழியில் வலித்தால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் பத்துப் பதினைந்து நாளில் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அதைத் தவறவிடாதீர்கள்.

வளரும் கை என்பதால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அளவை மறுபடி பாருங்கள். உள்ளுறையை இரண்டு ஜோடியாகத் தைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒன்று காய்வதற்குள் அடுத்த பயிற்சி வந்துவிடும், ஈரத்துணியில் தோல் ஊறிப் புண்ணாகும். புதிய உள்ளுறையை நேராக ஆட்டத்துக்குக் கொண்டுபோகவேண்டாம். முதல் வாரம் டென்னிஸ் பந்து, நீங்களே கைக்கு அடியிலிருந்து எறியுங்கள். அவள் முகம் திரும்பாமல் இருபது பந்து பிடித்த பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். வலிக்கிறதா என்று கேட்பதைவிட, எங்கே உறுத்துகிறது என்று கேளுங்கள். சிவந்த தடம் கால்மணி நேரத்துக்கு மேல் மறையாமல் நின்றால் அந்த இடத்தைத் திருத்தவேண்டும்.

கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு வருவதானாலும், அருகிலேயே ஒரு சிகிச்சையாளரிடம் போவதானாலும், இப்போது போடும் கையுறை, அவள் ஆடும் பந்து, ஆறு மாதத்துக்கு முன் எடுத்த எக்ஸ்ரே மூன்றையும் கையோடு எடுத்துப்போங்கள். முடிந்தால் அவள் கீப்பிங் செய்வதைப் பக்கவாட்டிலிருந்து உங்கள் செல்பேசியில் ஒரு நிமிடம் படம்பிடித்துக்கொள்ளுங்கள். முகம் எந்த நொடியில் திரும்புகிறது என்று அதில் தெரியும்.